மேற்கே போகும் ரயில்!

'கிழக்கே போகும் ரயில்' எடுத்த பாரதிராஜா எங்க தேனி அல்லிநகரத்துக்காரர். ஆனால் எங்க ரயில் மதுரையிலிருந்து மேற்கே போகும் ரயில். போடிநாயக்கனூரோடு சரி. அதுக்கு மேல் போக ஆசைப்பட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

போன பொங்கலுக்கு அந்த ரயிலில்தான் ஊருக்குப் போனேன். சென்னையில் ராத்திரி ஏறினால் காலையில் போடி. ஜன்னலைத் திறந்தால் கம்மென்று ஏலக்காய் வாசனை. (ஏ.ஸி. பெட்டி சார்... ஜன்னல் திறக்காது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!)

அன்று ராத்திரி நண்பன் வீட்டு மொட்டைமாடியில் சினிமா. திரை, அவன் அப்பாவின் எட்டு முழ வேட்டி. படம், பழைய மீட்டர்கேஜ் ரயில். கடைசியாக அது ஓடிய 2010 டிசம்பர் 31-ம் தேதி நண்பன் சின்ன கேமராவில் எடுத்தது. ஆட்டம் தாங்காமல் முதல் ஐந்து நிமிஷம் எனக்குத் தலை சுற்றியது.

"டேய், அந்த ஹாரன்! கேளுடா!" என்று கத்தினான் பேங்க்கில் வேலை பார்க்கிறவன். தினமும் பத்து லட்சம் எண்ணுகிறபோதுகூட அவன் முகத்தில் அந்தப் பரவசம் வராது. "ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்டா. மதுரை போறதுக்குள்ள எத்தனை பஸ் நம்மள ஓவர்டேக் பண்ணும்!" என்றான் ஏலக்காய் ஸ்டோர்காரன். திட்டுகிறானா, கொஞ்சுகிறானா, தெரியவில்லை.

இந்தப் பாதையின் ஜாதகமே அப்படித்தான். 1928-ல் வந்தது. சுமார் 90 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர் சமயம், 1942-ல், தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1950-களில்தான் மறுபடி ரயில். 2010 முடிந்ததும் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். தேனி வரை 2022 மே மாதம் வந்துவிட்டது. போடிக்கு வர 2023 ஜூன் 15!

நான் பி.காம். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? மீட்டர்கேஜ் 1,000 மில்லிமீட்டர். அகலப்பாதை 1,676. ஆக, 676 மில்லிமீட்டர் அகலப்படுத்தப் பன்னிரண்டரை வருஷம். வருஷத்துக்கு 54 மில்லிமீட்டர்! எட்டு எம்.எம். ஏலக்காய் ஏழை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இடைவெளியில் பிறந்த போடிக் குழந்தைகள் 'ர-ரயில்' என்று புத்தகத்தில் படித்ததோடு சரி.

"நம்ம கதை பரவாயில்லடா, மேலே பார்" என்று மலையைக் காட்டினான் ஸ்டோர்காரன். இருட்டில் மலை கறுப்பாக நின்றது. குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன். பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, ரயில் இல்லை. மூணாறிலிருந்து அதுவரைக்கும் ஒரு குட்டி ரயில் ஓடியது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளம், இழுத்தது மாடு! 1908-ல் இரண்டடி அகலப் பாதை, நீராவி எஞ்சின். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தன. 1924 ஜூலை வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. நாலு வருஷம் கழித்துக் கீழே எங்க ரயில் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

"நம்ம ரயிலாவது வேட்டியில ஓடுது" என்றான் பேங்க்காரன். எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் பார்த்தேன். வேட்டியின் இடது ஓரத்தில், பிளாட்பாரத்தில், மஞ்சப்பையோடு... அப்பத்தா!

நாலே விநாடி. கூட்டமெல்லாம் எஞ்சினைப் பார்க்கிறது. அப்பத்தா மட்டும் ஒரு பெட்டி வாசலைப் பார்த்துக் கையாட்டுகிறது. அந்த வாசலில் தொங்குகிறவன் நான்! அப்போது மதுரையில் காலேஜ். நானும் எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பவே இல்லை.

விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் பறித்து, இருட்டியபின் இறங்கி என்னைப் படிக்கவைத்த அப்பத்தா. ரயில் திரும்பி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டில் இருப்பது ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான். அதில் யாரோ மிரட்டிய மாதிரி முழிக்கும்.

"இன்னொரு தடவை ஓட்டுடா" என்றேன். பதினோரு தடவை ஓட்டினான். ஒருத்தனும் ஹாரனைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் கிளம்பினேன். அம்மா ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. வழக்கம்போல் செல்போனை எஞ்சின் பக்கம் நீட்டினேன். நீட்டியவன் அப்படியே திருப்பி, அம்மாவை எடுத்தேன்.

"என்னை எதுக்குடா எடுக்கிற? ரயிலை எடு."

"ரயிலை ஊர் பூரா எடுக்குதும்மா. நீ பேசாம கையாட்டு."

வெட்கப்பட்டுக்கொண்டே ஆட்டியது. பிறகு, "சேலை சரியில்ல, அழிச்சிட்டு இன்னொண்ணு எடு" என்றது. முந்தானையைச் சரிசெய்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அழிக்கவில்லை.