படம் வேண்டாம், பார்வை போதும்

ஆம்ஸ்டர்டாம் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “அந்தச் சிவப்பு விளக்குப் பக்கம் போகலாமா?” போகலாம். டி வாலன் எனும் அந்த வட்டாரம் நகரின் மிகப் பழைய பகுதி. நடுவில் அவுடே கெர்க் தேவாலயம்; நகரிலேயே ஆகப் பழைய கட்டடம் அதுதான். சுற்றிலும் கால்வாய்கள், கடைகள், குடும்பங்கள் வாழும் வீடுகள். பிள்ளைகளோடு போகிறவர்கள் காலையில் போய் வருவது நல்லது.

விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே தெருவில் நின்று மது அருந்தக் கூடாது. 2023 மே மாதத்திலிருந்து தெருவில் கஞ்சா புகைக்கவும் தடை, மீறினால் அபராதம். வழிகாட்டியோடு கூட்டமாகப் போய் அந்தக் கண்ணாடி ஜன்னல்களை வேடிக்கை பார்ப்பதை 2020இல் நிறுத்திவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் பெண்களைப் படம் எடுக்கக் கூடாது. நான் நடந்த மாலையில் ஒருவர் கைபேசியை உயர்த்தினார். மறுநொடி உள்ளே திரை மூடிக்கொண்டது. நெதர்லாந்தில் இது சட்டம் அனுமதிக்கும் தொழில்தான். ஆனாலும் தான் என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டில் சொல்லாதவர்கள் உண்டு. நாம் வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் ஒரு படம் அவர் அம்மாவின் கைக்கோ பிள்ளையின் கைக்கோ போய்ச் சேரலாம். அபராதம் கட்டினாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

தேவாலயத்துக்கு எதிரே பெல் என்ற வெண்கலச் சிலை உண்டு. உலகெங்கும் உள்ள பாலியல் தொழிலாளர்களை மதிக்கச் சொல்லி 2007இல் வைத்தது. படம் எடுத்தே ஆகவேண்டுமா? அந்தச் சிலையை எடுங்கள்.