எரிந்த எண்ணெயின் வாடை



நமது சபையின் வேனைப் பற்றிச் சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் உங்கள் முன் நின்று சில வார்த்தைகள் சொன்னேன். அன்று வர இயலாதவர்களுக்காகவும், அந்த நேரத்தில் நா எழாமல் நான் விட்டுவிட்டவற்றுக்காகவும் இவ்வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

ஜனவரி மாதத்தின் அந்தக் காலையைப் பலர் அறிவீர்கள். முதிய தாய்மார் மூவரை ஏற்றிக்கொண்டு எம்-14 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் உறுமியது. வண்டியோ வேகம் எடுக்கவில்லை. மூன்றாம் கியர் பிடிக்கவேயில்லை. புகை வாடை கிளம்பியதால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். மாற்று வண்டி வரும்வரை நாற்பது நிமிடம் அந்தத் தாய்மார் பனிக்குளிரில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவருக்கு வயது 81. என் மேலங்கியைக் கழற்றி அவர் மடியில் போர்த்தினேன். அதையும் பிறகு யாரோ புகழ்ந்து பேசினார்கள்.

பட்டறையில் கேட்ட தொகை சபையின் மூன்று மாதச் செலவுக்குச் சமமாயிருந்தது. “உதிரிபாகங்களுக்கு மட்டும் பணம் தாருங்கள், கியர்பாக்ஸை நானே வீட்டில் பிரித்துச் செய்கிறேன்” என்று கமிட்டியில் சொன்னேன். சபையார் நெகிழ்ந்தீர்கள், செய்தி மடலில் நன்றியும் அச்சாயிற்று. நான் ஏன் அவ்வளவு விரைந்து முன்வந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் தந்தையார் திருநெல்வேலியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். இறையியல் கல்லூரிக்குப் போகுமுன் அவரிடம் இரண்டாண்டுகள் ஸ்பேனர் பிடித்தவன் நான். ஆனால் அங்கே கண்டதெல்லாம் காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடும் பெட்டிகள். நம் வேனில் இருப்பது 4எல்60-இ என்னும் தானியங்கிக் கியர்பாக்ஸ்: நான்கு முன்கியர்கள், மின்னணுக் கட்டுப்பாடு. அதன் தத்துவமே வேறு. வண்டி புறப்படும்போது இன்ஜினையும் சக்கரங்களையும் இரும்பு இணைப்பதில்லை. டார்க் கன்வர்ட்டருக்குள் சுழலும் எண்ணெயே விசையைக் கைமாற்றுகிறது. அதே எண்ணெயைத்தான் ஒரு பம்ப் அழுத்தி, நுண்ணிய வாய்க்கால்கள் வழியே அனுப்பி, வேண்டிய கிளட்சை வேண்டிய நேரத்தில் இறுகச் செய்கிறது. எண்ணெய் கெட்டால் அனைத்தும் கெடும். நல்ல எண்ணெய் செந்நிறமாயிருக்கும். கெட்டது பழுப்பேறிக் கருகல் வாடை வீசும்.

எதிர்வீட்டு ஐயா ஒருவர் எனக்குத் துணையாக வந்தார். வில்லோ ரன் ஆலையில் பல்லாண்டுகள் கியர்பாக்ஸ் பொருத்தி ஓய்வு பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். அந்த ஆலையின் கதையே ஒரு பிரசங்கத்துக்குக் காணும். போர்க்காலத்தில் அங்கே ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் கார்களோடு ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கிக் கியர்பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், அதனை லிவோனியாவில் செய்துவந்தது. 1953 ஆகஸ்டில், உலோகம் வெட்டும் வேலையில் பறந்த பொறியால் அந்த ஆலை முழுவதும் எரிந்துபோக, உற்பத்தி வில்லோ ரன்னுக்கு மாறியது. 2010-இல் அதுவும் மூடப்பட்டது. ஐயா இதையெல்லாம் சொல்லும்போது அவர் கைகள் மட்டும் நிற்காமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

எங்கள் கார் கொட்டகையில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தோம். மூன்றாம், நான்காம் கியர்களுக்குரிய கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் படலமே இல்லை. இரும்பு நீலம் பாரித்துக் கிடந்தது. ஐயா ஒரு தட்டை எடுத்து முகர்ந்தார். என்னைப் பாராமலே, “இது ஒரே நாளில் கருகியதல்ல, ரெவரெண்ட்” என்றார்.

உண்மைதான். அக்டோபரிலேயே நான் அளவுகோலை உருவிப் பார்த்தேன். எண்ணெய் பழுப்பாயிருந்தது, வாடையும் வீசியது. நவம்பர் கமிட்டியில் செயலர் என்னிடம், “வேன் நன்றாயிருக்கிறதா, ஐயா?” என்று கேட்டார். “ஒரு குறையுமில்லை” என்றேன். டிசம்பரில் கீத பவனி இருந்தது. வண்டியைப் பட்டறையில் விட்டால் பவனி நின்றுபோகும், செலவுக் கணக்கில் முணுமுணுப்பு எழும் என்று அஞ்சினேன். ஆகவே எட்டுப் பேரையும் ஹார்மோனியத்தையும் ஏற்றிக்கொண்டு இரவுதோறும் ஓட்டினேன். வழுக்கிய கிளட்ச் எரிந்தே போனது. வீட்டில் பழுதுபார்க்கிறேன் என்று நான் முன்வந்தது தியாகமல்ல. சொல்லாத பொய்க்கு என் கைகளால் அபராதம் கட்டிவிட்டு, அதைச் சொல்லாமலே கடந்துவிட எண்ணினேன். முப்பத்திரண்டாம் சங்கீதத்தை எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான்.

வேலையைத் தொடர்ந்தோம். டார்க் கன்வர்ட்டரை வீட்டில் திறக்க முடியாது என்பதால் வேறொன்று வாங்கினோம். எண்ணெய் குளிரூட்டியையும் அதன் குழாய்களையும் கழுவினோம். அதில் தங்கிய பழைய கசடு புதிய பாகங்களை மீண்டும் கெடுக்குமாம். புதுத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தோம். வால்வுப் பகுதியிலுள்ள சிறு குண்டுகள் உருண்டோடாதபடி வாசலீன் தடவி அவற்றின் குழிகளில் நிறுத்தினோம். குழந்தைகளுக்குப் பூசுகிற அதே வாசலீன்! இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

உள்தண்டில் நான்கு டெஃப்லான் வளையங்கள் உண்டு. அவற்றை நீட்டித்தான் மாட்ட வேண்டும். மாட்டியபின் பழைய அளவுக்குச் சுருக்கி, பொறுத்திருந்து, பிறகே பம்பைச் செருக வேண்டும். எல்லாம் பூட்டியபின் ஒவ்வொரு கிளட்சின் வழியிலும் காற்றை அழுத்திச் சோதிக்க வேண்டும். “என் கம்ப்ரஸர் நாளை வருகிறது, அதுவரை பொறுங்கள்” என்று ஐயா சொல்லிச் சென்றார். அது சனிக்கிழமை இரவு. பிரசங்கக் குறிப்பு பாதியில் கிடந்தது. நான் பொறுக்கவில்லை. வளையங்கள் சுருங்குமுன்னே செருகினேன். சோதனையையும் விட்டுவிட்டேன். திங்களன்று என் மருமகனைக் கூட்டிக்கொண்டு கியர்பாக்ஸை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஐயாவிடம், “சோதித்தாயிற்று” என்றேன்.

மறுபடியும் அதே பொய், அன்பானவர்களே. இம்முறை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. முதல் கியர் விழுந்தது, இரண்டாவது விழுந்தது, பின்கியரும் சரி, மூன்றாவது வழுக்கியது.

திரும்பவும் இறக்கினோம். ஏறத்தாழ எழுபது கிலோ. பம்பை இழுத்தபோது வளையம் ஒன்றின் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தது. நகத்தால் கிள்ளியது போன்ற சிறு வெட்டு. ஐயா அதனை விரல்நுனியில் வைத்து எனக்குக் காட்டினார், கடிந்துகொள்ளவில்லை. அந்தக் கொட்டகையிலேயே, தலைகீழாக வைத்த வாளியின்மேல் அமர்ந்து, அக்டோபர் முதல் நடந்த யாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “இதை நீங்கள் சொல்ல வேண்டியது என்னிடமா?” என்றார். பிறகு கம்ப்ரஸரைக் கொண்டுவர எழுந்து போனார்.

அந்த வாரமே செயலரிடம் போனேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. நவம்பரில் நான் சொன்னதை நம்பி அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பற்றி மட்டும் கேட்டார். அந்தக் காயம் ஆறிவிட்டது என்று எழுத எனக்கு உரிமையில்லை. உதிரிபாகச் செலவை என் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்ள அவர் இசைந்தார். வண்டியின் எண்ணெயைப் பார்க்கும் பொறுப்பு இனி இளைஞர் இருவரிடம் இருக்கும்.

பின்னர் அந்த 81 வயதுத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்துவிட்டு, “அந்தக் கருகல் வாடை கீத பவனியிலேயே எனக்கு அடித்தது, ஐயா. பாஸ்டருக்குத் தெரியாமலா இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன்” என்றார்.

இந்த ஞாயிறு காலை அவரை அழைக்கப் போயிருந்தேன். மூன்றாம் கியர் சந்தடியின்றி விழுகிறது. அவர் முன் இருக்கையில் ஏறி அமர்ந்து, பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து ஒருமுறை முகர்ந்து பார்த்தார். “சரி, போகலாம்” என்றார்.