நாற்பது நிமிஷ வசந்தம்

இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லிவிடும். அதை அனுபவிக்கத்தான் நமக்கு அவகாசம் இருப்பதில்லை. அந்த அவகாசத்தை எனக்குத் தேடித் தந்தது, நேயர்களே, ஒரு கேக்!

கேக் சுடும் அடுப்பு எங்கள் வீட்டில் கிடையாது. பிரஷர் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் விடாமல் மாவுப் பாத்திரத்தை உள்ளே வைப்போம். மெல்லிய தீயில் வெந்து வர ஏறக்குறைய 40 நிமிஷம் ஆகும். இடையில் அவசரப்பட்டுத் திறந்தால் எழும்பிய மாவு அமுங்கிவிடும். காத்திருக்கத்தான் வேண்டும்.

மனைவியை இழந்தபின் வெளியே வராதிருந்த என் சிநேகிதரைச் சென்ற சித்திரையில் இதற்குத் துணையாக அழைத்தேன். துக்கத்தில் இருப்பவரைப் 'பேச வாருங்கள்' என்றால் வருவது அரிது. 'உதவிக்கு வாருங்கள்' என்றால் வந்துவிடுவார். மாவு வேகும் வரையில் மொட்டை மாடியில் நின்றோம். வேப்பம்பூ மணந்தது. எங்கோ ஒரு குயில் கூவிற்று.

"கூவுவது ஆண்தான், ஓய்! உடம்பெல்லாம் கறுப்பு. பெண்ணுக்குப் புள்ளிகள் உண்டு. காக்கைக் கூட்டில் முட்டையிடுகிற சாமர்த்தியசாலி அவள்தான்!" என்றார்.

பறவை பார்ப்பது அவருடைய பழைய பொழுதுபோக்கு. பல மாதங்களுக்குப் பிறகு அவர் தாமாகப் பேசிய பேச்சு அது.

மறு ஞாயிறு அவர் அழைக்காமலே வந்தார். கழுத்தில் பைனாகுலர் தொங்கிற்று.