யார் கணக்கில்?

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஓலையில் பெயர் எழுதப்பட நிலமும் சொந்த மனையும் வேண்டும். நிலமற்றவரின் பெயர் ஏறிய ஏடு வேறு. அத்தகைய ஏடொன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது.

அது என் பாட்டனாரின் கணக்கேடு. படியாள் ஒருவர் தம் திருமணத்திற்கு வாங்கிய கடன் ஒரு வரி. அவரை அண்டை ஊர் நடவுக்கு அனுப்பிப் பாட்டனார் பெற்ற நெல் மற்றொரு வரி. அந்த நெல் கடனில் கழிக்கப்படவே இல்லை.

ஆளை வாடகைக்கு விடும் இவ்வழக்கம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. வட கரோலினாவில் லிடியா என்ற அடிமைப் பெண்ணை ஜான் மான் என்பவர் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். அடிக்குத் தப்பி ஓடியவளைச் சுட்டுக் காயப்படுத்தினார். கீழ்நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 1829இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் ரஃபின் அத்தீர்ப்பை மாற்றினார். வாடகைக்கு எடுத்தவருக்கும் உடைமையாளரின் அதிகாரம் உண்டு என்றார். அடிமையின் மதிப்புக் குறைந்தால் உடைமையாளர் இழப்பீடு கோரலாம். குண்டடி பட்ட லிடியாவுக்கோ கோர ஒன்றுமில்லை.

நம் நாட்டில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமை மீது உரிமை கோருவதை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆனால் கடன் பத்திரம் பிழைத்துக்கொண்டது. முன்பணம் பெற்று வேலையை விட்ட தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் வழி திறந்தது. 1976இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே அந்தக் கடனையும் செல்லாததாக்கியது.

புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய திருமுகத்தை அண்மையில் மீண்டும் வாசித்தேன். ஒனேசிமை அடிமையாக அன்று, சகோதரனாக ஏற்கும்படி வேண்டும் அவர், அவன் பட்ட கடன் ஏதேனும் இருப்பின் அதைத் தம் கணக்கில் எழுதச் சொல்கிறார். அவர் கடனை மறக்கச் சொல்லவில்லை; தாமே ஏற்றார்.

அந்தப் படியாளின் பேரனார் ஞாயிறுதோறும் எங்களுடன் திருப்பலி காண்பவர். ஏட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தா பேருல எவ்வளவுங்க பாக்கி?" என்றார்.

"பாக்கி எங்க பேருலதான் அண்ணே" என்றேன்.

அதை எவ்வாறு தீர்ப்பது என்று நாங்கள் இன்னும் பேசவில்லை. பேசாமல் நற்கருணை வரிசையில் அவர் பின்னால் நிற்பது எனக்கு எளிதாக இல்லை.