விளக்கெரிந்தும் விழியாத மடிக்கணினி

மலர்க்குழுவினர் என்னிடம் வேண்டியது கல்லூரி விடுதி வாழ்க்கையைப் பற்றிய கட்டுரை. அதனை எழுதவே அமர்ந்தேன். ஆயின், எழுதும் கருவியே என்னைக் கைவிட்ட கதையை எழுதும்படி நேர்ந்துவிட்டது. அன்பர்கள் பொறுத்தருள்க. விடுதி நினைவுகள் என் ஒருவனுக்கு உரியன. அந்தக் கருவியோடு மறைந்துபோக இருந்தவையோ நம் அனைவருக்கும் உரியன.

யான் ஆசிரியப் பணி ஏற்றுக் கந்தளாய்க்கு வந்து, பணி முடிந்த பின்னும் இரண்டு ஏக்கர் வயலோடு இங்கேயே தங்கிவிட்டவன். 1986 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20 ஆம் நாள் அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எம் வீட்டார் உயிர் தப்பினோம். வீட்டிலிருந்த தகரப் பெட்டி தப்பவில்லை. என் தந்தையார் காலத்துக் கல்லூரி இதழ்களும், விடுதி மாணவரின் புகைப்படங்களும் அதனுள் இருந்தன. சேற்றிலிருந்து மீட்டபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண் கட்டிபோல் ஆகியிருந்தன. வெயிலில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் எஞ்சவில்லை.

அன்று தொட்டுக் கடதாசியில் எனக்கிருந்த நம்பிக்கை குறைந்தது. 2012 இல் ஓய்வுபெற்றபோது உடனாசிரியர்கள் ஒரு மடிக்கணினியைப் பரிசளித்தனர். அதனை வெள்ளம் தொடாத உயரமான அலுமாரியில் வைத்துப் போற்றினேன். இம் மலருக்கென முதுபெரும் பழைய மாணவர் முப்பத்தொருவரைக் கண்டு, அவர்தம் குரலைத் தொலைபேசியிற் பதிந்து, கணினிக்கு மாற்றினேன். தொலைபேசியில் இடம் போதாமையால் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டேன். அம் முப்பத்தொருவருள் அறுவர் இப்போது நம்மிடையே இல்லை. வேறு படி எடுத்து வைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. வெள்ளத்துக்கு அஞ்சியவன் வேறெதற்கும் அஞ்சவில்லை.

2024 ஆம் ஆண்டுக் கார்த்திகை மழையில் ஓரிரவு முழுதும் மின்சாரம் இல்லை. மறுநாட் காலை மின்சாரம் வந்ததும் கணினியை இயக்கினேன். விளக்கு எரிந்தது, உள்விசிறி சுழன்றது. பின்னர்க் கருந்திரையில் வெள்ளெழுத்தில் ஆங்கில வரியொன்று தோன்றிற்று. தொடங்குதற்குரிய சாதனம் காணப்படவில்லை என்பது அதன் பொருள். அணைத்து மீண்டும் இயக்கினேன். அதே வரி. பத்து முறையேனும் அவ்வாறு செய்திருப்பேன். பத்தாம் முறை மனம் இரங்கும் என்று எண்ணினேன் போலும்!

பழுதுபார்க்கும் கடையொன்றுக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த தம்பி ஒரு நிமிடம் பார்த்தார். "வன்தட்டு போய்விட்டது, ஐயா. புதியது போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன். உள்ளே இருந்தவற்றை மறந்துவிடுங்கள்" என்றார். அறுவர் குரலையும் மறந்துவிடுமாறு அவர் சொன்னதாகவே எனக்குப் பட்டது. நாளை வருகிறேன் என்று கூறிக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை வயலுக்குச் சென்றபோதுதான் ஓர் எண்ணம் உதித்தது. குளம் நிறைந்திருந்தும் வயலுக்கு நீர் வரவில்லையாயின், குளம் வற்றிவிட்டது என்று எந்த வட்டவிதானையாரும் சொல்வதில்லை. துருசு திறந்திருக்கிறதா, பெருவாய்க்காலில் நீர் ஓடுகிறதா, கிளைவாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று வரம்பு வழியே நடந்து பார்ப்பார். நீர் எவ்விடம்வரை வந்தது என்று அறிந்தால் எவ்விடத்தில் நின்றது என்பது தானே புலப்படும். யான் அறிவியல் கற்பித்தவன். அந்த நடையை அன்றுவரை நடக்கவில்லை.

அயலில், தொழினுட்பக் கல்லூரியிற் பயிலும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனை அழைத்தேன். அவன் வந்து அமர்ந்து, முதலில் எதையும் தொடாமல், "என்ன தெரிகிறது, சேர்?" என்று கேட்டான். வகுப்பில் யான் கேட்டுவந்த கேள்வி அது.

கணினி விழித்தெழுவது ஒரே செயலன்று என்பதை அவன் விளக்கினான். மின்சாரம் பாய்ந்ததும் அதன் செயலகத்துக்கு ஒன்றும் நினைவிராது. பலகையிலுள்ள சிறு சில்லு ஒன்றில் எழுதப்பட்ட முதற் கட்டளைகளை அது படிக்கும். பயோஸ் என வழங்கும் அக் கட்டளைத் தொகுதி, நினைவகம் உண்டா, திரை உண்டா, விசைப்பலகை உண்டா எனச் சோதிக்கும். பின்னரே வன்தட்டைத் தேடி, அதில் உறங்கும் விண்டோஸை எழுப்பும். இதனைப் 'பூட்' என்கின்றனர். தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் அது.

விளக்கே எரியாவிட்டால் மின்னேற்றியையும் பற்றரியையும் பார்க்க வேண்டும். விளக்கெரிந்து திரை இருண்டிருந்தால் ரோச் லைற்றை அதன்மீது சாய்த்துப் பார்க்க வேண்டும். மங்கிய உருவம் தெரியின் திரையின் பின்னொளியே பழுது. ஒன்றும் தெரியாவிடின் வேறொரு திரையை இணைத்துப் பார்க்கலாம். நினைவகத் தகட்டைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தலாம். சில கணினிகள் விட்டுவிட்டு ஒலியெழுப்பித் தம் நோயைத் தாமே கூறும். என் கணினியிலோ திரையில் எழுத்து வந்தது. ஆகவே செயலகம், நினைவகம், திரை மூன்றும் நலம். நீர் பெருவாய்க்கால்வரை வந்துவிட்டது.

வன்தட்டுப் பகுதியிற் காதை வைத்துக் கேட்கச் சொன்னான். 'டக், டக்' என்று இடையிடையே அடித்தால் உடனே நிறுத்திவிட வேண்டுமாம். அத்தகைய தட்டை மீண்டும் மீண்டும் இயக்குவது உள்ளதையும் கெடுக்கும். என் பத்து முறைகளை எண்ணி உள்ளூர நடுங்கினேன். நற்காலமாக, அது சீராக இரைந்துகொண்டிருந்தது.

பின்னர் ஒரு விசையை அழுத்திப் பயோஸின் பக்கத்தைத் திறந்தான். அதில் இரண்டைக் கண்டோம். வன்தட்டின் பெயரும் அளவும் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தன. செத்த தட்டின் பெயர் அவ்வாறு வருமா? மற்றொன்று, நாள். 2012 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி என்று அது காட்டிற்று. மாணவன் சிரித்தான். எனக்கு விளங்கவில்லை.

கணினியின் பலகையில் நாணயம் போன்ற ஒரு மின்கலம் உளது. 3 வோல்ற்று. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது என்பதை அவ் வெண்ணே சொல்லும். மின்சாரம் அற்ற வேளையிலும் நாளையும் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கத் துணையாவது அதுவே. பன்னிரண்டு ஆண்டுகளில் அது தீர்ந்துபோயிருந்தது. பெரிய பற்றரியும் முன்னமே பழுதாகிவிட, அதனைக் கழற்றிவிட்டு மின்செருகியோடே யான் பயன்படுத்திவந்தமையால் குறை வெளிப்படவில்லை. அவ்விரவு மின்சாரம் நின்றது; கணினி தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் வைத்த பழைய அமைப்புக்குத் திரும்பியது. சில ஆண்டுகளின் முன் விண்டோஸை மீள ஏற்றியவர் 'லெகசி' என்னும் பழைய முறையில் ஏற்றியிருந்தார். தொழிற்சாலை அமைப்போ 'யூ.ஈ.எப்.ஐ.' என்னும் புதிய முறையில் தேடிற்று. இருப்பது ஓரிடம், தேடுவது வேறிடம்.

"மாற்றிவிடு, தம்பி" என்று அவசரப்பட்டேன். அவன் உடன்படவில்லை. "முதலில் படி எடுப்போம், சேர். பிறகு வைத்தியம்" என்றான். கட்டிற் கசிவு கண்டால் முதலில் கீழே உறங்குவோரை எழுப்ப வேண்டும். காரணம் பின்பு ஆராயலாம். இதனைக் கந்தளாயில் வாழும் எனக்கு ஒரு சிறுவன் சொல்ல வேண்டியிருந்தது. உபுந்து என்னும் இயக்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி வந்து, வன்தட்டில் எதையும் எழுதாமல் அதன்வழியே கணினியை எழுப்பினான். என் கோப்புறைகள் எல்லாம் வரிசையாகத் தோன்றின. வெளித்தட்டு ஒன்றுக்கு அவற்றைப் பிரதிசெய்ய நள்ளிரவு கடந்தது. அவனுடைய தாயார் இருமுறை ஆளனுப்பினார்.

இளைஞர்க்கு இங்கே ஒரு சொல். புதிய கணினிகள் பலவற்றில் 'பிற்லொக்கர்' என்னும் பூட்டு உளது. இத்தகைய அமைப்பு மாறினால் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். சாவியை இன்றே எழுதி வையுங்கள். அதே கணினிக்குள் அன்று.

படி எடுத்த பின்னரே அமைப்பை மாற்றினான். மறுகணம் விண்டோஸ் வந்தது. எனது வயற்கரைப் படமும் வந்தது. கலத்தை வாங்க மறுநாட் பேருந்தில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் திருகோணமலைக்குச் சென்றேன். என் கணினிக்கு உரியது சிறு வயர் பொருத்திய வகை, அஃது இங்கே கிடைக்கவில்லை. அது வரும்வரை மின்செருகியைக் கழற்றவில்லை. மழை ஓய்ந்திருந்தது, மின்சாரமும் அருள்புரிந்தது. புதுக்கலம் இட்டபின் ஓரிரவு முழுதும் செருகியைக் கழற்றி வைத்துச் சோதித்தோம். காலையில் நாளும் சரி, கணினியும் விழித்தது.

கடைத் தம்பியிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் சினந்திலர். "நாளொன்றுக்கு முப்பது வரும், ஐயா, திகதியைப் பார்க்க நேரமில்லை" என்றார். பழைய கலத்தை என்னிடம் வாங்கி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொண்டார்.

முதலிற் கேட்டது, காலஞ்சென்ற அறுவருள் மூத்தவரின் குரல். விடுதிச் சோற்றில் கல் பொறுக்கியதைச் சொல்லி அவர் நகைக்கிறார். இடையே அவர் வீட்டுச் சேவல் கூவுகிறது. அப் பதிவுகளின் படியொன்று கல்லூரி நூலகத்துக்கும், ஒன்று இதழாசிரியருக்கும் அனுப்பியுள்ளேன். முப்பத்தொன்றில் பதினான்கையே எழுத்தில் பெயர்த்திருக்கிறேன். எஞ்சியவற்றுக்கு மாணவர் இருவர் தேவை. விடுமுறையிற் கந்தளாய்க்கு வருவோர்க்குப் பகலுணவு என் வீட்டில். சோறு கல்லின்றி இருக்கும்.