வெள்ளைத் துணி

பேனா பிடித்தே காலத்தைக் கழித்தவனுக்குக் காரின் குடலோடு என்ன வேலை என்று இதனை வாசிக்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். கலைப்பீடத்துப் பட்டதாரி நான். பத்திரிகைக் காரியாலயத்தின் பழைய தட்டச்சுப்பொறியைத் தவிர வேறெந்த இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டியவன் அல்லன். ஆயினும், கடந்த சில ஞாயிற்றுக்கிழமைகளை நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில், எண்ணெய் படிந்த வாங்கொன்றில் அமர்ந்து கழித்தேன். காரணம் என் மருமகன்.

அக்காவின் மகனான அவன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வசிக்கிறான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோதும், புதிய கார்களின் விலை அவனைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. ஆகவே, தன் வயதுக்குச் சற்றே இளைய ஒரு காரைத் தேடி வாங்கினான். ரொயோட்டா ஸ்ரார்லற் கிளான்சா. 1996 முதல் 1999 வரை ஜப்பானில் தயாரான சின்னஞ்சிறு வண்டி. 1,331 சிசி எஞ்சின்தான். ஆனால் டர்போ பூட்டியது. அதன் பலம் 135 குதிரைவலு. கொழும்பு இளைஞர்கள் அதன் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு பக்தி கலந்துவிடும்.

"மாமா, இதுக்குக் காத்துக் காணாது. புதுசா ஒரு இன்ரேக் போடவேணும்" என்றான் ஒருநாள்.

வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் ஆயத்தப் பொருளின் விலையைச் சொன்னான். வீட்டு வாடகைக்கு நிகரான தொகை. வரியும் அனுப்புகூலியும் வேறு. "அதுதான் நாங்களே செய்யப் போறம். ஹார்ட்வெயார் கடையிலை பிவிசி பைப், முன்னுக்கு ஒரு கம்பி வலை, காணும்" என்றான்.

கம்பி வலை என்ற சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சில் ஏதோ இடறியது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அவனுடைய ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு லீற்றர் பெற்றோலை முறையாக எரிக்க 9,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று வேண்டும். எஞ்சின் என்பது உண்மையில் காற்றை உண்ணும் பிராணி. பெற்றோல் அதற்குத் தொடுகறி மாத்திரமே. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சில்லைச் சுழற்றி, அதனோடு பிணைத்த மறுசில்லால் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டலாம் என்று சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். அதுவே டர்போ. அந்தச் சில்லு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதற்குப் போகும் காற்று தடையின்றியும் குளிர்ச்சியாகவும் இருந்தால் நல்லது என்பது மருமகனின் வாதம்.

கராஜ்காரரை எல்லோரும் 'பாஸ்' என்றே அழைப்பார்கள். அறுபது கடந்தவர். ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் பிறந்து, தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் பேசி வளர்ந்தவர். மருமகன் கடதாசியில் வரைந்து வந்த படத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, பைப்ப எங்க வேணும்னாலும் வாங்குங்க. ஆனா எது ஃபில்டருக்கு முன்னால, எது பின்னால? அத மொதல்ல சொல்லுங்க."

அந்த ஒரு கேள்வியில் முழு வித்தையும் அடங்கியிருந்தது. வடிகட்டிக்கு முன்னுள்ள குழாய் உடைந்தாலும் பெரிய நட்டமில்லை. எது வந்தாலும் வடிகட்டி மறித்துக்கொள்ளும். வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயோ வேறு சாதி. அங்கே காற்று தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. மெல்லிய குழாயாயின் சப்பிப்போகும். இணைப்பில் மயிரிழை வெடிப்பிருந்தாலும் தூசு நேரே உள்ளே போகும். பிவிசி 60 பாகைக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கி, 80 பாகையளவில் இளகிவிடும். டர்போவின் பக்கத்தில் அதற்கு இடமில்லை. கம்பி வலையோ இலையைத் தடுக்கும், காகத்தின் இறகைத் தடுக்கும், தூசைத் தடுக்காது. இலட்சம் சுற்றில் சுழலும் அலுமினியச் சில்லின் இதழ்களுக்கு அந்தத் தூசு அரத்தாள் போன்றது.

"அப்ப ஃபில்டரை முன்பம்பருக்குக் கீழை வைப்பம். அங்கைதான் குளிர் காத்து" என்றான் மருமகன்.

பாஸ் சிரித்தார். "வெள்ளவத்தையில இருந்துகிட்டா இதச் சொல்றீங்க? அரை மணித்தியாலம் மழை பேஞ்சா ரோட்டுல எவ்வளவு தண்ணி நிக்கும்?"

வடிகட்டி தண்ணீருக்குள் அமிழ்ந்தால் எஞ்சின் காற்றுக்குப் பதிலாக நீரை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துபோகும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கிய செய்திகளைப் பக்கத்தில் ஏற்றியவன் நான். வெள்ளத்துக்குள் 'ஸ்ராட்' செய்த வாகனங்கள் அன்றே செத்துப்போனதன் காரணத்தை இத்தனை வருடம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

மருமகன் சற்று வாடினான். "எல்லாத்துக்கும் மாட்டன் எண்டா என்ன செய்யிறது? பேசாமல் வலையைப் போட்டு ஓடிப் பாப்பம், மாமா. பிறகு காசு வந்தால் ஃபில்டர் போடலாம்."

அப்போதுதான் முப்பது வருடங்களாக எவரிடமும் சொல்லாத கதையை அந்த வாங்கில் இருந்தபடி சொன்னேன்.

என் தகப்பனாரிடம் ஒஸ்ரின் ஏ 40 சோமர்செற் ஒன்று இருந்தது. சுன்னாகத்தில் வாடகைக்கு ஓடினார். 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளந்து. பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவாகையால், சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினை உயிர்ப்பிக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டும். பொனற்றைத் திறந்து, காற்று வடிகட்டியைக் கழற்றி, சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் காபிரேற்றரின் வாயில் சொட்டுச் சொட்டாக விடுவோம். அந்த வேலை என்னுடையது. பல்கலைக்கழகம் போகாத நாட்களில் தகப்பனாருக்கு உதவியாளன் நான்.

ஒவ்வொரு முறையும் வடிகட்டியைக் கழற்றிப் பூட்டுவது எனக்கு அலுப்பாயிற்று. ஒருநாள் கழற்றியதைப் பூட்டாமல் விட்டேன். கார் ஓடியது. மறுநாளும் ஓடியது. முன்னைவிட இலகுவாக இழுக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றியது. வடிகட்டி கோடிப்புறத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. காரோ வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளில், பெரியாஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றியபடி மாதக்கணக்கில் புழுதியைக் குடித்துக்கொண்டு ஓடியது.

பின்னர் நீலப் புகை தள்ளியது. ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. ஊர் மெக்கானிக் பொனற்றைத் திறந்து, காபிரேற்றரின் கழுத்துக்குள் விரலை விட்டுத் துடைத்து வெளியே எடுத்தார். விரலின் நுனி சிவந்திருந்தது. குங்குமம் தொட்ட விரல்போல. அவர் ஒன்றும் பேசவில்லை. தகப்பனார் அந்த விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை.

பிஸ்டன் வளையங்கள் வாங்க அந்நாளில் வழியில்லை. கார் மாமரத்தின் கீழே கற்களின்மேல் ஏறியது. தகப்பனார் சைக்கிளில் விறகு கட்டி விற்றார். கேட்டவர்களுக்கெல்லாம், "மண்ணெண்ணெய்தான் எஞ்சினைத் திண்டுபோட்டுது" என்று சொன்னார். கடைசிவரை அப்படியே சொன்னார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கி நடந்தபோது, நாங்களும் நடந்தோம். நோயாளியான ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளினோம். ஓடக்கூடிய கார் ஒன்று இருந்திருந்தால் என்று அன்றிரவு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

கதை முடிந்தபோது கராஜில் சத்தமில்லை. பாஸ் மட்டும், "சரி, வேலயப் பாப்போம்" என்றார்.

வேலை மூன்று ஞாயிறுகள் எடுத்தது. காரோடு வந்த பழைய வடிகட்டிப் பெட்டியை வீசவில்லை, அதையே வைத்துக்கொண்டோம். அதற்குள் நம்பகமான கடையில் வாங்கிய அசல் கடதாசி வடிகட்டி. பெட்டியின் ஒடுங்கிய வாயை அகலமாக்கி, முன்விளக்கின் பின்புறத்துக் குளிர்காற்றை எட்டும்வரை பிவிசி குழாய். அது குளிர்ந்த பக்கம், ஆகவே மலிவுக்கு அங்கே அனுமதி. நீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி உயரத்தைப் பார்த்துக்கொண்டோம். பெட்டியின் அடியில், தெறிக்கும் மழைநீர் வடிய ஒரு சிறு துவாரம். பெட்டியிலிருந்து டர்போ வரை பஞ்சிகாவத்தையில் நிறைபோட்டு வாங்கிய பழைய அலுமினியக் குழாய். நுனிகளில் சிறு வரம்பு எழுப்பி, தடித்த சிலிக்கன் இணைப்புகள், உறுதியான கிளிப்புகள். எஞ்சினின் எண்ணெய்ப் புகை திரும்பி வரும் சிறு குழாய்க்கும் மறக்காமல் ஒரு முலை ஒட்டப்பட்டது. எஞ்சினின் வெக்கையை மறைக்க அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்பு. கடைசியாக, வாயை அடைத்து மெல்லக் காற்றடித்து, இணைப்புகள் எங்கும் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம். ஓரிடத்தில் குமிழி வந்தது. கழற்றி மீண்டும் பூட்டினார் பாஸ்.

ஒட்டுக்கூலி உட்பட, வெளிநாட்டுப் பெட்டியின் விலையில் ஐந்திலொரு பங்குகூட ஆகவில்லை. ஆன செலவில் மிகப் பெரியது வடிகட்டிக்கே.

பலன் என்ன? முன்பு காலி வீதி நெரிசலில் நின்றபோது, வடிகட்டிப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி 58 பாகை காட்டியது. இப்போது 39. காற்றின் அடர்த்தி அவ்விடத்தில் நூற்றுக்கு ஆறு கூடியிருக்கிறது என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் டர்போ அதை அமுக்கும்போது மீண்டும் சூடாக்கிவிடுவதால், எஞ்சினுக்குப் போய்ச் சேரும் இலாபம் அதைவிடக் குறைவே. குதிரைகள் புதிதாக ஓடி வரவில்லை. மருமகனுக்கு மட்டும் கார் பறக்கிறதாம். பறக்கட்டும், மரைன் டிரைவில் பொலிஸ் நிற்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

ஒரு மாதம் கழிந்து பாஸ் எங்களை வரச் சொன்னார். டர்போவின் வாயிலிருந்த இணைப்பைக் கழற்றினார். தன் மனைவி கொடுத்தனுப்பிய பழைய வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை விரலில் சுற்றி என்னிடம் கையை நீட்டச் சொன்னார். "நீங்களே தொடச்சுப் பாருங்க ஐயா" என்றார்.

துணி சுற்றிய விரலைக் குழாய்க்குள் விட்டேன். கை நடுங்கியது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. முழுச்சுற்றாகத் துடைத்து வெளியே எடுத்தேன். எண்ணெய்ப் புகையின் மெல்லிய ஈரம் மட்டும் இருந்தது. தூசு இல்லை. துணி வெள்ளையாகவே இருந்தது.

மருமகன் அதைத் தன் கைத்தொலைபேசியில் படமெடுத்தான். நான் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வறுமையும் தடையும் எங்களுக்குக் கற்றுத்தந்த கைவித்தைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். மலிவாகச் செய்வது அவமானமல்ல. ஆனால் எதை மலிவாக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதே வித்தை. அதை என் தகப்பனார் ஏசியாவது சொல்லித் தந்திருக்கலாம். அவர் மண்ணெண்ணெயின் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றிவிட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகு, இந்தப் பக்கத்தில் மண்ணெண்ணெயின் மீதான அந்தப் பழியைத் துடைத்துவிடுகிறேன்.