முதலில் போவது மைதானம்

ஊருக்கு எது வந்தாலும் முதலில் பறிபோவது மைதானம்தான். மந்திரி வந்தால் ஹெலிகாப்டர் இறங்க, கண்காட்சி வந்தால் ராட்டினம் நட, மழை கொட்டினால் தண்ணீர் தேங்க. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். மாணவர்கள் வாயில் ‘பி.டி. சார்’. வீடு ஓரிக்கையில். என் வேலையில் பாதி பிள்ளைகளை ஓட வைப்பது, மீதி ஓட இடம் கேட்டு மனு எழுதுவது. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில்தான் படித்தேன். அங்கே முதல் பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள்.

2019 ஜூலை 1 அன்று அத்திவரதர் வந்தார். 1979-க்குப் பிறகு வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தவர். ஆகஸ்டு 17 வரை 48 நாள் வைபவம். கோடிப் பேருக்கு மேல் வந்து போனதாகக் கணக்குச் சொன்னார்கள். ஓரிக்கையில் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டார்கள். விடியற்காலையில் பால் வாங்கப் போனால் தெருவில் தெலுங்கும் கன்னடமும் கேட்டன. எங்கள் மைதானத்திலும் வண்டிகள் நின்றன. நானும் வரிசையில் நின்று கும்பிட்டவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கலைந்த பின் பார்த்தால், நாங்கள் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்த மண் டிராக்கில் டயர் தடம் முழங்கால் ஆழம். ரோலர் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர மழைக்காலம் வந்துவிட்டது.

அந்த வருஷம் என்னிடம் 400 மீட்டர் ஓடும் ஒரு பெண் இருந்தாள். அப்பா கூலிக்குப் பட்டு நெய்பவர். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் அவள்தான். அதனால் பயிற்சிக்கு விடியற்காலை மட்டும்தான் வருவாள். மைதானம் இல்லாததால் பாலாற்றில் ஓடவிட்டேன், அள்ளியது போக மிச்சமிருந்த மணலில். கால் புதையப் புதைய ஓடியதில் தொடை இறுகி, ஒரு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு வினாடி உள்ளேயே முடிக்கத் தொடங்கினாள். கல்லூரிகளுக்கு இடையிலான ஏ.எல். முதலியார் தடகளப் போட்டியில் மூன்றாவது. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்கவில்லை. “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா” என்றேன். எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வதுதான்.

அடுத்த வருஷம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச் 24 மாலை டோக்கியோ ஒலிம்பிக்கைத் தள்ளி வைத்த செய்தி வந்தது. அன்று இரவு எட்டு மணிக்கு 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு. ஒலிம்பிக்குக்கு ஒரு வருஷம் தவணை கிடைத்தது, கல்லூரி மூன்றாம் ஆண்டுக்கு யார் தவணை கொடுப்பார்கள்? கல்யாணங்கள் நின்றன. விற்காத சேலை தேங்க, புதுப் பாவு கொடுக்க ஆளில்லை. ஓரிக்கையில் தறிச் சத்தம் ஓய்ந்தது. அவள் வீட்டில் அரிசிக்கே யோசனை. நான் போனில் ஸ்கிப்பிங் ஆடச் சொல்லிக்கொண்டிருந்தேன், பிராணாயாமம் வேறு.

நந்தனம் கல்லூரிக்கு அந்த வருஷம் நூற்றாண்டு. பழைய மாணவர்கள் திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் “கேக்குதா, கேக்குதா” என்று கேட்டுக்கொண்டோம்.

2020-21 கல்வியாண்டு போட்டியே இல்லாமல் போனது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்க, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கான ‘ஃபார்ம் 3’ சான்றிதழ் வேண்டும். நடக்காத போட்டிக்கு ஃபார்ம் ஏது? தேர்வுகள் இணையத்தில் நடந்தன, பட்டம் வந்தது. அவள் நேரத்தைக் குறித்து வைத்திருந்த என் நோட்டுப் புத்தகத்தை எந்த அலுவலகமும் சான்றாக எடுத்துக்கொள்ளாது.

எனக்கோ வேறு கதை. 2020 மே மாதம் அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது. மறு பிப்ரவரியில் 60. பூட்டிக் கிடந்த மைதானத்துக்கு இயக்குநராக இருக்க இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. சம்பளத்தை வாங்கிக்கொண்டேன், வேண்டாமென்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை.

எம்.ஏ. சேர்ந்தால் மறுபடி ஓடலாம் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் தொழிலில் பழைய தந்திரம் அது. “ஃபீஸ் கட்டினா வீட்ல அடுப்பு எரியாது சார்” என்றாள். 2022-இல் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்தாள், ஒதுக்கீடு எதுவும் கேட்காமல். எழுத்துத் தேர்வுக்குப் பயந்தாளே தவிர ஓட்டத்துக்கு இல்லை. உடல்திறன் தேர்வு முடிந்த அன்று போன் செய்தாள்.

“சார், 400 மீட்டருக்கு எவ்ளோ டைம் குடுத்தாங்க தெரியுமா?”

“எவ்ளோம்மா?”

“ரெண்டரை நிமிஷம்!”

அவள் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

“ஓடி முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா யாரையும் காணோம் சார். ஷூ லேஸைக் கழட்டித் திரும்பக் கட்டிட்டு உக்காந்திருந்தேன்.”